ஒரு நாள் ஜொகூர் பாரு போய் வர, அப்பா அம்மாவின் சிங்கப்பூர் விசாவில் எதைப் பார்க்கவேண்டும்?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது. உங்களுக்கு சிங்கப்பூரில் எஸ் பாஸ் என்ற வேலை அனுமதி. ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் சுற்றுலா விசாவில் வந்து மூன்று வாரம் ஆகிறது. வரும் சனிக்கிழமை மூவரும் பஸ்ஸில் ஜொகூர் பாரு போய், கோயில் பார்த்து, சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் திரும்ப நினைக்கிறீர்கள். முடிந்தால் மலாக்காவும் பார்க்க ஆசை. "மலேசியாவுக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்கிறார்களே, பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாமா?" என்பது உங்கள் கேள்வி. பார்ப்பதற்கு மலேசியாவுக்குள் போவதைப் பற்றிய கேள்வி போல இருக்கிறது. ஆனால் உங்கள் குடும்பத்துக்குச் சிக்கல் வரக்கூடிய இடம் அதுவல்ல. அன்று நீங்கள் மொத்தம் நான்கு கவுன்டர்களைக் கடக்கிறீர்கள்: சிங்கப்பூரிலிருந்து வெளியே, மலேசியாவுக்குள், மலேசியாவிலிருந்து வெளியே, மறுபடி சிங்கப்பூருக்குள். இந்த நான்காவதைத்தான் யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. "காலையில்தானே இங்கிருந்து போனோம், திரும்ப விடமாட்டார்களா" என்று நினைத்துவிடுகிறார்கள். குடிநுழைவுச் சட்டத்தைப் பொறுத்தவரை காலையில் கிளம்பிய அப்பாவும் மாலையில் வந்து நிற்கும் அப்பாவும் ஒன்றல்ல. மாலையில் நிற்பவர் புதிதாக வரும் வெளிநாட்டுப் பயணி.

சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு பயண நிறுவனத்தில் பல வருடங்கள் விசா வேலையும் மலேசியாவுக்கு பஸ் குழுக்களை அழைத்துப் போகும் வேலையும் பார்த்தவன் நான். அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன். நான் அதிகாரி இல்லை. விதியாக எழுதி வைத்திருப்பதை உறுதியாகச் சொல்லமுடியும். கவுன்டரில் உட்கார்ந்திருப்பவரின் முடிவுக்கு விட்டிருப்பதை யாராலும் உறுதியாகச் சொல்லமுடியாது. எது எந்த வகை என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் பெற்றோரின் சிங்கப்பூர் விசாத் தாளை எடுங்கள். மின்னஞ்சலில் வந்து நீங்கள் அச்சடித்துக் கொடுத்தீர்களே, அதேதான். அதில் ஒருமுறை நுழைவா, பலமுறை நுழைவா என்று போட்டிருக்கும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் பெரும்பாலும் பலமுறை நுழைவு விசாதான் கொடுக்கிறார்கள் என்பதால் நிறையப் பேர் இந்த வரியைப் படிப்பதே இல்லை. ஆனால் எல்லோருக்கும் அப்படிக் கிடைத்துவிடாது. ஒரே குடும்பத்தில் ஒருவருக்குப் பலமுறையும் மற்றவருக்கு ஒருமுறையும் வந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் அப்பாவுடையதை மட்டும் பார்த்துவிட்டு அம்மாவுக்கும் அதேதான் என்று முடிவுகட்டாதீர்கள். இரண்டையும் தனித்தனியாகப் படியுங்கள். ஒருமுறை நுழைவு என்றால் அது சாங்கி விமான நிலையத்தில் இறங்கியபோதே செலவாகிவிட்டது. எல்லையில் இருக்கும் உட்லண்ட்ஸைத் தாண்டி வெளியே போனால், திரும்பி வரப் புது விசா வேண்டும். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. மலேசியா எத்தனை தாராளமாக உள்ளே விட்டாலும் அன்றைய பயணம் உங்களுக்கு இல்லை, அவ்வளவுதான். பலமுறை நுழைவு என்றால் அடுத்து விசாவின் கடைசித் தேதியைப் பாருங்கள். நீங்கள் திரும்பி நுழையும் நாள் அதற்குள் இருக்கவேண்டும்.

இங்கே எல்லோரும் குழப்பிக்கொள்ளும் ஒன்று உண்டு. விசாவில் இருக்கும் தேதி வேறு, தங்குவதற்குக் கொடுத்திருக்கும் நாள் வேறு. விசா என்பது வாசலுக்கு வந்து அனுமதி கேட்க ஒரு உரிமை. எத்தனை நாள் தங்கலாம் என்பதை வாசலில்தான் முடிவு செய்கிறார்கள். சிங்கப்பூர் இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை, மின்னஞ்சலில் ஒரு இ-பாஸ் வருகிறது. தங்கும் கடைசி நாள் அதில்தான் இருக்கும். வெளியே போனதும் அந்த இ-பாஸ் முடிந்துவிடும். திரும்பி வரும்போது புதிதாக நாள் கணக்கு கொடுப்பார்கள். முன்பு 30 நாள் கொடுத்தார்கள் என்பதற்காக இப்போதும் 30 கிடைக்கும் என்று எந்த விதியும் இல்லை. குறைத்துக் கொடுக்கலாம், "ஊருக்கு எப்போது போகிறீர்கள்?" என்று கேட்டு அதை ஒட்டிக் கொடுக்கலாம். அதனால் பெற்றோரின் சென்னை டிக்கெட் கைபேசியில் தயாராக இருக்கட்டும். மூன்று வாரம் ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்: "ஜொகூர் போய்வந்தால் இன்னொரு 30 நாள் கிடைக்கும்" என்று தேக்காவில் டீக்கடைக்கு ஒருவர் சொல்வார். சிலருக்குக் கிடைத்திருக்கலாம். அதை நம்பிப் பெற்றோரை வைத்துப் பரீட்சை பார்க்காதீர்கள். கூடுதல் நாள் வேண்டுமென்றால் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின், அதாவது ஐசிஏவின், இணையச் சேவையில் நீட்டிப்பு கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம், ஆனால் வாசலில் நின்று வாதாடுவதைவிட அது மேல்.

உங்கள் விஷயம் சுலபம். பாஸ் செல்லுபடியாக இருக்கும்வரை நீங்கள் திரும்பி வரத் தனி விசா வேண்டாம். இரண்டு விதிவிலக்குகள். ஒன்று, இந்தியத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டை அண்மையில் புதுப்பித்திருந்தால், புதிய எண்ணை மனிதவள அமைச்சிடம் பதிவு செய்தாகிவிட்டதா என்று பாருங்கள். கம்பெனி எச்ஆர் செய்திருப்பார் என்று இருந்துவிடாதீர்கள், கேட்டு உறுதி செய்யுங்கள். பாஸ் பழைய எண்ணில் இருந்து, கையில் புதிய பாஸ்போர்ட்டோடு நின்றால் தனியறையில் உட்கார வைத்துச் சரிபார்ப்பார்கள். இன்னொன்று உங்களுக்குப் பொருந்தாது, ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும்: பாஸ் இன்னும் கைக்கு வராமல் ஐபிஏ என்ற முதற்கட்ட ஒப்புதல் கடிதத்தோடு இருப்பவர்கள் எல்லை தாண்டக்கூடாது. அந்தக் கடிதம் ஒருமுறை உள்ளே வருவதற்கு மட்டும்தான்.

அடுத்து மலேசியா. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் 30 நாள்வரை விசா இல்லாமல் போகலாம் என்ற சலுகை 2023 டிசம்பர் 1 அன்று தொடங்கியது. முதலில் ஒரு வருடத்துக்குச் சொல்லி, பிறகு 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். இது நிரந்தர உரிமை இல்லை, தேதி போட்ட சலுகை. இந்தப் பதிலை அந்தத் தேதிக்குப் பக்கத்திலோ பிறகோ படிப்பவர்கள் மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லவேண்டும், இரண்டு நாடும் இதைக் கேட்கும்.

விசா இல்லை என்றால் ஒன்றுமே வேண்டாம் என்று அர்த்தமில்லை. மலேசியாவுக்கு எம்டேக் என்ற மின் வருகை அட்டையை நிரப்பவேண்டும். 2024 ஜனவரி 1 முதல் இது கட்டாயம். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு விலக்கு உண்டு, உங்களுக்கு இல்லை. சிங்கப்பூர் நிரந்தரவாசியாக இருக்கும் இந்தியருக்கும் இல்லை. நிரந்தரவாசிகள் பலர் தங்களுக்கும் விலக்கு என்று நினைத்துக்கொண்டு வந்து, வரிசையில் நின்றபடி கைபேசியில் நிரப்பிக்கொண்டிருப்பார்கள். அப்புறம், திரும்பி வரும்போது பெற்றோர் சிங்கப்பூரின் வருகை அட்டையை மறுபடி நிரப்பவேண்டும். சாங்கியில் இறங்கியபோது நிரப்பியது அந்த வருகைக்கு மட்டும். தரைவழியாக வரும் பாஸ்காரர் என்பதால் உங்களுக்கு இது வேண்டாம். ஆக, கணக்கு இது: நீங்கள் ஒரு படிவம், அப்பா இரண்டு, அம்மா இரண்டு. இரண்டு நாட்டுப் படிவத்தையும் வந்து சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பலாம். ஒரே நாள் பயணம் என்பதால் வெள்ளி இரவே வீட்டு வைஃபையில் உட்கார்ந்து ஐந்தையும் முடித்துவிடுங்கள். ஜொகூரில் சிங்கப்பூர் சிம் சில சமயம் ரோமிங்கில் தடுமாறும். திரும்பும் படிவத்தை அங்கே போய் நிரப்பலாம் என்று விட்டால் ஜொகூர் பாரு ரயில் நிலையமான ஜேபி சென்ட்ரல் மாடிப்படியில் நின்று வியர்க்கவேண்டிவரும்.

இரண்டும் இலவசம். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் காசு கேட்கும் தனியார் தளங்கள். அரசுத் தளத்தைப் போலவே இருக்கும், கடைசியில் கார்டு எண் கேட்கும். சிங்கப்பூருக்கு 'கவ் டாட் எஸ்ஜி', மலேசியாவுக்கு 'கவ் டாட் எம்ஒய்' என்று முடியும் முகவரி இல்லையென்றால் மூடிவிடுங்கள். பெயரைப் பொறுத்தவரை நம் ஊர்ப் பாஸ்போர்ட்டுகளில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பது சகஜம். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள், தந்தை பெயரைச் சேர்த்து அழகுபடுத்த வேண்டாம். பெயரைவிட முக்கியம் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி. ஒரு எழுத்து மாறினாலும் படிவம் வேறு யாருக்கோ போய்விடும். எம்டேக்கில் தங்கும் முகவரி கேட்பார்கள். பகல் பயணத்துக்கு, போகும் இடத்தின் முகவரியைக் கொடுப்பதுதான் வழக்கம். வாகன எண் கேட்கும் இடத்தில் பஸ் சேவையின் எண்ணைப் போடுகிறார்கள். இந்த இரண்டும் நடைமுறையில் ஓடுவது, எந்தச் சட்டத்திலும் எழுதியது அல்ல.

விசா விலக்கு இருந்தாலும் மலேசிய அதிகாரி கேள்வி கேட்கலாம், மறுக்கவும் அதிகாரம் உண்டு. எவ்வளவு நாள், எங்கே, யாரோடு, திரும்ப எப்படிப் போவீர்கள், கையில் பணம் எவ்வளவு என்பவைதான் வழக்கமான கேள்விகள். தரை எல்லையில், சிங்கப்பூரில் இருந்து குடும்பமாக ஒரு நாளைக்கு வருபவர்களை அதிகம் கேட்பதில்லை. தனியாக, பெரிய பையோடு, எங்கே தங்குவோம் என்றே தெரியாமல் வரும் இளைஞர்களைத்தான் நிறையக் கேட்கிறார்கள். அப்படி மறுக்கப்பட்டவரை 'என்டிஎல்', அதாவது நுழைய அனுமதி இல்லாதவர் என்று சொல்லி வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார்கள். உங்கள் பெற்றோருக்கு இது நடக்க வாய்ப்புக் குறைவு. ஆனாலும் ஒருமுறை நுழைவு விசாவில் இருப்பவர் இப்படித் திருப்பப்பட்டால் இரண்டு நாட்டுக்கும் நடுவில் நின்று விளக்கம் சொல்லவேண்டிவரும். நான்காவது கவுன்டரைப் பற்றி முதலில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். பெற்றோருக்கு ஆங்கிலமோ மலாயோ வராது என்றால் கவலை வேண்டாம். மூவரும் ஒன்றாக ஒரே கவுன்டருக்குப் போகலாமா என்று வரிசையை ஒழுங்கு செய்பவரிடம் கேளுங்கள், பெரும்பாலும் விடுவார்கள். அதிகாரி தமிழராகவே இருப்பதும் உண்டு. அதற்காக உரிமையோடு ஊர்க்கதை பேச ஆரம்பிக்கவேண்டாம் என்று அப்பாவிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

இனி கடப்பது எப்படி என்று. உட்லண்ட்ஸில் இருக்கும் கடற்பாலம் சுமார் ஒரு கிலோமீட்டர்தான் நீளம். 1923இல் ரயில் ஓடத் தொடங்கி, 1924இல் முறைப்படி திறந்துவைத்த பாலம். மேற்கே துவாஸில் 1998இல் திறந்த இரண்டாம் இணைப்பு இருக்கிறது, ஆனால் பஸ்ஸில் ஜொகூர் நகருக்குப் போகிறவர்களுக்கு உட்லண்ட்ஸ்தான் வழி. நீங்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்து மூன்று வழி வசதி: குவீன் ஸ்திரீட்டிலிருந்து 170ஆம் எண் பஸ் அல்லது காஸ்வே லிங்க் நிறுவனத்தின் சிடபிள்யூ2, கிராஞ்சி எம்ஆர்டியிலிருந்து சிடபிள்யூ1, உட்லண்ட்ஸிலிருந்து 950. எதில் ஏறினாலும் நடைமுறை ஒன்று. உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் பஸ் நிற்கும், எல்லோரும் இறங்கவேண்டும். பை, குடை, தண்ணீர் பாட்டில், அம்மாவின் சாப்பாட்டுக் கூடை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். நீங்கள் வந்த பஸ் உங்களுக்காகக் காத்திருக்காது. குடிநுழைவை முடித்துக் கீழே வந்ததும் அதே நிறுவனத்தின், அதே எண்ணின் அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம். காஸ்வே லிங்க் பஸ்ஸில் காசு கொடுத்துச் சீட்டு வாங்கியிருந்தால் அதைத் தூக்கிப்போடாதீர்கள், அடுத்த பஸ்ஸில் அதைக் காட்டவேண்டும். 170, 950 போன்றவற்றில் இறங்கும்போது கார்டைத் தட்டி, ஏறும்போது மறுபடி தட்டவேண்டும். பெற்றோருக்கு ஆளுக்கொரு கார்டு கையில் கொடுத்துவிடுங்கள்.

பாலத்தின் அந்தப் பக்கம் இறங்குவது பங்குனான் சுல்தான் இஸ்கந்தர் கட்டடம், 2008இல் திறந்தது. எஸ்கலேட்டர், நீண்ட நடைபாதை, மறுபடி எஸ்கலேட்டர். முழங்கால் வலி இருக்கும் அம்மாவுக்கு மலேசியப் பயணத்தின் கடினமான பகுதி இதுதான். மின்தூக்கி இருக்கிறது, பணியாளரிடம் கேட்டால் காட்டுவார்கள். சக்கர நாற்காலி தேவைப்படுகிறவர் என்றால் பஸ்ஸை மறந்துவிட்டு, எல்லை தாண்ட அனுமதி உள்ள டாக்சியைப் பாருங்கள். மலேசியக் குடிநுழைவு முடிந்ததும் ஜொகூர் நகரத்துக்குப் போக மறுபடி பஸ் ஏறவேண்டியதில்லை. கட்டடத்திலிருந்து பாலம்போன்ற நடைபாதையில் ஜேபி சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் போய், அப்படியே எதிரே உள்ள கடைத்தொகுதிக்குள் இறங்கிவிடலாம். லார்க்கின் பேருந்து நிலையம் போகிறவர்கள்தான் கீழே போய் மறுபடி பஸ் பிடிக்கவேண்டும்.

மலேசியக் கவுன்டரில் ஒரு பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரி பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்ததும், அந்த இடத்தை விட்டு நகர்வதற்கு முன் புரட்டி, முத்திரை விழுந்திருக்கிறதா, தேதி சரியா என்று பாருங்கள். மூன்று பாஸ்போர்ட்டையும் பாருங்கள். கூட்ட நேரத்தில் முத்திரை விடுபட்டுப்போய், திரும்பும்போதோ அடுத்தமுறை வரும்போதோ "நீங்கள் உள்ளே வந்ததற்குப் பதிவே இல்லையே" என்று மாட்டிக்கொண்டவர்களின் கதைகள் இந்த எல்லையில் நிறைய. பயணியின் பொறுப்பு என்றுதான் அதை எடுத்துக்கொள்வார்கள். வெளியேறும்போதும் இதே கவனம் வேண்டும். தானியங்கி வாயிலுக்குப் போகச் சொன்னால் போகலாம். யார் அதில் போகலாம் என்பதை இரண்டு நாடும் அடிக்கடி மாற்றுகின்றன, அதனால் அன்றைக்கு அங்கே நிற்கும் பணியாளர் சொல்வதே சட்டம். சிங்கப்பூர்ப் பக்கம் பாஸ்போர்ட்டுக்குப் பதில் கியூஆர் குறியீட்டைக் காட்டிப் போகும் வசதி 2024இல் வந்தது. நீங்கள் பயன்படுத்தலாம், ஆனால் பாஸ்போர்ட் கையில் இருந்தே ஆகவேண்டும், மலேசியா கேட்கும். வயல்வேலை, வீட்டுவேலை செய்து விரல்ரேகை தேய்ந்த பெரியவர்களுக்கு இயந்திரம் விரலை எடுக்காமல் போவது சகஜம். ஆள் இருக்கும் கவுன்டருக்கு அனுப்புவார்கள், பதற வேண்டாம்.

ரயிலையும் யோசித்துப் பாருங்கள். உட்லண்ட்ஸிலிருந்து ஜேபி சென்ட்ரலுக்கு மலேசிய ரயில் நிறுவனமான கேடிஎம்மின் ஷட்டில் தெப்ராவ் ரயில் ஐந்து நிமிடத்தில் போய்விடும். இங்கிருந்து போக 5 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்), அங்கிருந்து வர 5 ரிங்கிட். போகும்போது சிங்கப்பூர், மலேசியா இரண்டு குடிநுழைவும் உட்லண்ட்ஸிலேயே அடுத்தடுத்து முடிந்துவிடும், அந்தப் பக்கம் இறங்கினால் நேரே நடையைக் கட்டலாம். பாலத்தில் நெரிசலும் கிடையாது. பெரியவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. குறை ஒன்றுதான்: சனி, ஞாயிறு சீட்டுகள் வெகு முன்னதாகவே தீர்ந்துவிடும், இந்தச் சனிக்கிழமைக்கு இப்போது தேடினால் அதிர்ஷ்டம் இருந்தால்தான். உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் ஜொகூரின் புக்கிட் சாகருக்கும் நடுவே ஆர்டிஎஸ் ரயில் வருகிறது, 2026 இறுதியை ஒட்டித் தொடங்குவது இலக்கு. ஒரு திசையில் மணிக்கு 10,000 பேரைக் கொண்டுபோகும் அளவுக்குக் கட்டுகிறார்கள். அது ஓட ஆரம்பித்த ஆறு மாதத்துக்குள் ஷட்டில் தெப்ராவ் நின்றுவிடும், நான் சொல்லும் இந்த வழிமுறைகளில் பாதியும் பழையதாகிவிடும்.

நேரம். உண்மையைச் சொன்னால் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததுதான் உங்கள் திட்டத்தில் எனக்குப் பிடிக்காத ஒன்று. உட்லண்ட்ஸ், துவாஸ் இரண்டிலும் சேர்த்து ஒரே நாளில் ஐந்து லட்சம் பேருக்கு மேல் கடந்த விடுமுறை நாட்கள் உண்டு. வெள்ளி மாலையும் சனி காலையும் ஜொகூர் பக்கம் நெரிசல், ஞாயிறு மாலை சிங்கப்பூர் பக்கம் நெரிசல். முன்பு ஜொகூரில் வெள்ளி, சனிதான் வார விடுமுறை. 2025 ஜனவரி 1 முதல் அவர்களும் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டார்கள். இரண்டு பக்கத்து வார இறுதியும் இப்போது ஒன்றுசேர்ந்துவிட்டது. ஒரு நாள் விடுப்பு கிடைக்குமென்றால் செவ்வாயோ புதனோ, காலை ஒன்பது மணிக்கு மேல் போய், மாலை ஐந்துக்கு முன் திரும்பிவிடுங்கள். வேலைநாள் விடியற்காலையில் ஜொகூரிலிருந்து சிங்கப்பூர் வரும் தொழிலாளர் கூட்டம் எதிர்த்திசையில் என்பதால் உங்களைத் தொடாது. சனிக்கிழமைதான் முடியும் என்றால் காலை ஆறரைக்கே உட்லண்ட்ஸில் இருங்கள். பஸ்ஸில் கழிப்பறை இல்லை, பாலத்தின் மேல் நின்றுவிட்டால் இறங்கவும் முடியாது. சர்க்கரை நோயாளியான அப்பா சோதனைச் சாவடியிலேயே போய்விட்டு ஏறுவது நல்லது. நெரிசலில் சிலர் பஸ்ஸை விட்டு இறங்கிப் பாலத்தில் நடப்பதைப் பார்ப்பீர்கள். பெரியவர்களோடு அதைச் செய்யாதீர்கள்.

என்ன கொண்டுவரலாம், கூடாது என்பதில் சிங்கப்பூர் கடுமையானது, ஜொகூரிலிருந்து வருபவர்களிடம் இன்னும் கடுமை. சிகரெட்டுக்கு வரிவிலக்கு ஒரு குச்சிக்குக்கூட இல்லை. மலேசியாவிலிருந்து வருபவர்களுக்கு மதுவுக்கும் வரிவிலக்கு இல்லை. சூயிங்கம் கொண்டுவரக்கூடாது. மின்சிகரெட்டை மலேசியாவில் பலர் கையில் பார்ப்பீர்கள், சிங்கப்பூரில் 2018 முதல் வைத்திருப்பதே குற்றம், 2025இல் தண்டனையை இன்னும் கூட்டினார்கள். பாஸில் இருப்பவருக்கு வேலையே போகலாம். 48 மணி நேரத்துக்குள் திரும்பும் சுற்றுலாப் பயணி 100 வெள்ளி மதிப்புவரை வாங்கிய பொருளுக்குப் பொருள், சேவை வரி கட்டவேண்டாம். வேலை பாஸ் வைத்திருப்பவருக்கு அந்தச் சலுகை பொருந்தாது. நம் ஆட்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: கசகசா. ஜொகூரில் மசாலாக் கடையில் குருமாவுக்கு என்று வாங்கிப் பையில் போட்டுவிடுவார்கள். சிங்கப்பூரில் அது மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் கட்டுப்பாட்டில் வரும் பொருள். அம்மாவிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அவருக்கு இது சிரிப்பாகத்தான் இருக்கும். இறைச்சியும் முட்டையும் அங்கே மலிவு என்று வாங்கிவராதீர்கள். எந்த வகை, எங்கிருந்து, எவ்வளவு என்று சிங்கப்பூர் உணவு அமைப்புக்குத் தனி விதிகள் இருக்கின்றன.

அப்பாவின் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளுக்கு ஒரு தடையும் இல்லை. அன்றைக்கு வேண்டியதோடு ஒரு நாள் கூடுதலாக, அட்டையோடு, மருந்துச் சீட்டின் நகலோடு வைத்துக்கொள்ளுங்கள். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் போன்ற வலி மாத்திரை இருந்தால் கதை வேறு. அவற்றை சிங்கப்பூருக்குள் கொண்டுவர சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவைப்படலாம். ஒரு நாள் பயணத்துக்கு அவற்றை வீட்டிலேயே விட்டுச்செல்லுங்கள். யாருடைய பையையும் "இதை அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொடுங்கள்" என்றால் வாங்கக்கூடாது, தெரிந்தவர் கொடுத்தாலும் சரி. போதைப்பொருள் கடத்தலுக்கு சிங்கப்பூரில் மரண தண்டனை என்பது உங்களுக்குத் தெரியும், பெற்றோருக்கும் தெரியவேண்டும். அம்மா போட்டுக்கொண்டிருக்கும் நகைக்கு யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. நண்பரின் காரில் போகலாமா என்று யாராவது யோசனை சொன்னால், சிங்கப்பூர் காருக்கு மலேசியாவின் விஇபி என்ற வாகன நுழைவு அனுமதி இருக்கிறதா, டேங்கில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்கிறதா என்று நண்பரிடம் கேளுங்கள். முதலாவது மலேசியாவின் சட்டம், இரண்டாவது சிங்கப்பூரின் சட்டம், இரண்டுக்கும் அபராதம் உண்டு.

கோயிலுக்கு, ஜேபி சென்ட்ரலிலிருந்து ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயில் பக்கம்தான். நகருக்குள்ளேயே ராஜமாரியம்மன் கோயிலும் இருக்கிறது, அதைச் சுற்றி நம் சாப்பாட்டுக் கடைகள். முதியவர்களோடு பகல் வெயிலில் நடக்காமல் கிராப் வாடகைக் கார் பிடியுங்கள், சிங்கப்பூரில் வைத்திருக்கும் அதே செயலி அங்கேயும் ஓடும். ஆளுக்கு ஐம்பது, நூறு ரிங்கிட்டாவது ரொக்கமாக மாற்றிக்கொள்ளுங்கள்.

மலாக்கா ஒரே நாளில் வேண்டாம். லார்க்கினிலிருந்து பஸ்ஸில் போகவே மூன்று மணி நேரம் ஆகும், இரண்டு எல்லை வரிசையையும் சேர்த்தால் பெற்றோர் பார்ப்பது பஸ் சீட்டின் முதுகைத்தான். ஒரு இரவு தங்கிப் போவதாக இருந்தால் தாராளமாகப் போகலாம். ஜொகூரில் கிடைக்கும் நுழைவு அனுமதியே மலாக்காவுக்கும் கோலாலம்பூருக்கும் போதும். சபாவும் சரவாக்கும்தான் தனியாகக் குடிநுழைவு வைத்திருக்கின்றன. அப்போது எம்டேக்கில் திரும்பும் தேதியையும் மலாக்கா ஹோட்டல் முகவரியையும் போடுங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையில் ஞாயிற்றுக்கிழமைத் தேதி இருக்கவேண்டும். பெற்றோரின் விசாவில் கடைசி நுழைவுத் தேதி அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டி இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு ஹோட்டலுக்குக் காசு கட்டுங்கள்.